டிராகனுக்குப் புதுப் பற்கள்

ஒரு கணினி விளையாட்டுக்குள், மலைக்குகையில் டிராகன் ஒன்று வாழ்ந்தது. வீரனோடு ஒரே ஒரு முறையாவது போரிட்டுவிட வேண்டும் என்பதே அதன் ஆசை. வீரனை ஆட்டுவிக்க வேண்டிய திருமாறனோ, ஆர்வலர்கள் செய்து பகிரும் ‘மோட்’ எனும் மாற்றங்களை மூன்று மாதங்களாக நிறுவிக்கொண்டிருந்தார்.

“இன்று என்ன வந்தது, தம்பி?” என்று, மேய வந்த வீரனின் குதிரையிடம் டிராகன் கேட்டது.

“நானூற்றுப் பன்னிரண்டாவது மோட், அண்ணே. என் வாலுக்குப் புது மயிர்! நேற்றுப் புல்லுக்குப் பனித்துளி வந்தது. அது என் சேணத்தோடு ஒத்துப்போகாமல் விளையாட்டே நின்றுவிட்டது. திருமாறன் எல்லா மோட்களையும் நீக்கிவிட்டு, ஒன்றோடொன்று மோதாதபடி முதலிலிருந்து வரிசைப்படுத்துகிறார்.”

“சண்டை?”

“வரிசை சரியானதும்.”

ஒருநாள் வரிசை சரியாயிற்று. குதிரை வீரனைச் சுமந்துகொண்டு குகைவாயிலுக்கே வந்துவிட்டது. டிராகன் மகிழ்ச்சி தாங்காமல் வாயைப் பிளந்து கர்ஜித்தது. வீரன் வாளை உருவவில்லை. அந்த வாயையே சற்று நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு திருமாறன் விளையாட்டை மூட, எல்லாம் இருண்டது.

வெளிச்சம் திரும்பியபோது குதிரை தனியே நின்றது. டிராகனின் வாயில் புதுப் பற்கள் பளபளத்தன.

“அழகாகத்தான் இருக்கின்றன, அண்ணே!”

“இருக்கட்டும், தம்பி. பழைய பற்களுக்கும் ஒரு குறையுமில்லை என்று அவரிடம் சொல். கடிப்பதற்குத்தான் ஆள் வரவில்லை.”