மணி அடிக்காத ஞாயிறு

ஆலயக் கோபுரத்தில் மணியை ஒட்டி ஆந்தை ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. அபசகுனம், கூட்டைக் கலைத்துவிடு என்றார்கள் சபையார். ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் ஊழியரான கோவில்பிள்ளை யேசுவடியான் கலைக்கவில்லை, மணியும் அடிக்கவில்லை.

“அதுவும் ஆண்டவர் படைச்சதுதானய்யா. குஞ்சு பறக்கட்டும், அப்புறம் அடிக்கேன். அதுவரைக்கும் வீடு வீடாப் போயி நானே கூப்பிடுதேன்” என்று போதகரிடம் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை கடைசித் தெருவில், படுத்த படுக்கையாகக் கிடந்த ரெபேக்காளின் கதவையும் தட்டினார்.

“நாலு வருசமா மணிச் சத்தந்தான் வந்துச்சு. இன்னைக்குத்தான் ஆளு வந்திருக்கு” என்று அவள் அழுதாள்.

மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு அவளைக் கட்டிலோடு தூக்கிவந்தார். பாடிக்கொண்டிருந்த சபை எழுந்து வழிவிட்டது. போதகரே இறங்கிவந்து ஒரு கை கொடுத்தார். அத்தனை பேர் நடுவில் யேசுவடியான் அன்றைக்குப்போல நிமிர்ந்து நடந்ததே இல்லை.