செவர்லேயில் ஏறியவன்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. மீன் பிடித்த கதை சொல்லும்போது மீனை ஒரு முழம் நீட்டிவிடுவேன், அது ஊருக்கே தெரியும். இதில் ஓர் அங்குலம் நீட்டியிருந்தாலும் என் அறுபத்துநாலாம் வருஷத்து ஃபோர்டு இனி ஸ்டார்ட்டே ஆகாமல் போகட்டும். எங்கள் மிச்சிகனில் இதைவிடப் பெரிய சத்தியம் இல்லை.

எங்கள் பழைய ஃபோர்டு சங்கத்தில் பன்னிரண்டு பேர். சனிக்கிழமை காலையில் லோரீன் கடை வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே போய் முட்டையும் காப்பியும் சாப்பிடுவோம். எங்களுக்கு ஜென்மப் பகையான செவர்லே கார்க்காரர்கள் எதிர்ப்பக்கம் நிறுத்துவார்கள். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. நாங்கள் போட்டதுதான்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. சங்கத்து ஆள் செவர்லேயில் ஏறி மாட்டிக்கொண்டால், செவர்லே சின்னம் வரைந்த பழைய டாய்லெட் சீட்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டுதான் காப்பி குடிக்க வேண்டும். மூன்று முறை ஏறினால் சங்கத்தை விட்டே வெளியே. நாற்பது வருஷத்தில் அந்த அளவுக்குக் கெட்டுப்போனவன் ஒருவனும் இல்லை.

போன அக்டோபரில் வெண்டல் ப்ரூவர் மாட்டினான்.

சங்கத்தைத் தொடங்கியவனே அவன்தான். ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் கொடி கட்டிக்கொண்டு முதலில் போவது அவனுடைய சிவப்பு ஃபோர்டு கேலக்ஸி. பெண்டாட்டி போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமையை எடுத்துவிட்டால் அவனுக்கு வாரத்தில் வேறு நாளே கிடையாது.

அப்படிப்பட்டவன் திங்கள், புதன், வெள்ளி தவறாமல் ஹோமர் ஸ்டெக்கின் நீலச் செவர்லேயில், அதுவும் முன்சீட்டில், போகிறான். ஹோமர் யார் தெரியுமா? செவர்லேக் கூட்டத்துக்குத் தலைவன். ஒரு வருஷம் ஊர்வலத்தில் எங்கள் தலைவர் ரோலண்டின் வண்டி நின்றுபோனபோது, பானெட் மேல் மலர்வளையம் வைத்துவிட்டுப் போனவன்.

விசாரணை லோரீன் கடையில் நடந்தது. எதிர் மேசையில் ஹோமரும் இருந்தான். ரோலண்ட் கரண்டியால் கோப்பையைத் தட்டினான்.

"வெண்டல், ஹோமர் வண்டியில ஏறினியா?"

"ஏறினேன்."

"எத்தனை தடவை?"

"எண்ணல. ஆகஸ்ட்லேருந்து வாரம் மூணு."

யாரோ விசிலடித்தார்கள். டாய்லெட் சீட்டை நான்தான் மாட்டிவிட்டேன். அது தோள்வரை இறங்கித் தொங்கியது.

"என்னப்பா, தொளதொளன்னு இருக்கு? செவர்லே காத்து ஒத்துக்கலையா?" என்றேன். நல்ல சிரிப்பு கிடைத்தது.

ரோலண்ட் விடவில்லை. "அப்படி எங்கடா போறீங்க ரெண்டு பேரும்?"

"ஆஸ்பத்திரிக்கு. கிட்னி ரெண்டும் போச்சு. மெஷின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. முடிச்சு எழுந்தா தலை சுத்துது, வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க."



ரோலண்ட் கரண்டியை மேசையில் போட்டான். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா? பதினோரு ஃபோர்டு உன் வாசல்ல வந்து நின்னிருக்குமே. எங்களை விட்டுட்டு இவன்கிட்டயா போய் நின்னே?"

நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். இரண்டு பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள்.

ஹோமர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "ரோலண்ட், நான் ஒண்ணு சொல்லணும்."

வெண்டல் திரும்பிப் பார்க்கவில்லை. "உட்காரு ஹோமர். உன் காப்பி ஆறுது."

பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பதினோரு முகம், அவசரமே இல்லாமல்.

"உங்களையெல்லாம் சிரமப்படுத்த வேணாம்னு நெனச்சேன். தப்பு என்னுதுதான்."

மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. கை தூக்கச் சொன்னான் ரோலண்ட். பதினோரு கையும் எழுந்தது. வெண்டல் சங்கத்து ஜாக்கெட்டைக் கழற்றி, மடித்து, நாற்காலி மேல் வைத்தான். ஹோமர் அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போனார்கள்.

அடுத்த வாரம் ஊர்வலக் கொடியை வாங்கிவர என்னை அனுப்பினார்கள். வெண்டல் படுக்கையிலிருந்தே, "சமையல்கட்டுல இருக்கு, எடுத்துக்கோ" என்றான்.

கொடி ஃபிரிட்ஜ் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் எங்கள் சங்கத்து டெலிபோன் பட்டியல். மேலே 'ஜூலை, ஆஸ்பத்திரிக்குத் துணை' என்று அவன் கையெழுத்து. பதினோரு பெயரும் அடிக்கப்பட்டு, பக்கத்தில் ஆளுக்கொரு குறிப்பு. ரோலண்டுக்கு நேரே 'இடுப்பு வலியாம்'. ஆல்வினுக்கு நேரே 'பேத்திக்குப் பந்தாட்டம்'.

கடைசியில் பென்சிலால் எழுதிய ஒரு பெயர் மட்டும் அடிபடாமல் இருந்தது. 'ஹோமர். நான் கேட்கவில்லை, தானே வந்தான்.'

முதல் பெயர் என்னுடையது. அதற்கு நேரே, 'வண்டிக்கு மெழுகு போடணுமாம்'.

கொடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது ஊர்வலத்தில் முதல் வண்டி என்னுடையதுதான். நன்றாகப் பளபளக்கிறது.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். வெண்டல் தன்னை மட்டும்தான் கூப்பிட்டுக் கேட்டான் என்று அந்தப் பத்துப் பேரும் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதவைப் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.