வெங்காயத்தாள்

வீடு நிறைய ஆட்கள் இருக்க, மருமகள் மட்டும் சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடையில் அந்த ஒரு கட்டுதான் மிச்சம்.

"இன்னைக்கு எதுக்கும்மா சமையல்? யாருக்குச் சாப்பாடு இறங்கப்போகுது?" தண்ணீர் குடிக்க வந்த பக்கத்து வீட்டு அம்மா கேட்டாள்.

"சும்மாதாங்க. கை ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

அந்த அம்மா நகர்ந்ததும், நறுக்கிய வெள்ளைக் குருத்துகளைக் கரண்டியால் நசுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். கூடத்தில் மாமனாரைக் கிடத்தியிருந்தார்கள். காலையிலிருந்து இவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

வரும்படியாக அவரும் வாழவில்லை. ஃபேனை யார் போட்டது, கதவை யார் அடித்துச் சாத்தியது என்று, கண் விழித்ததிலிருந்து அசரும்வரை குற்றம் கண்டுபிடிப்பார். அவர் வாயில் விழுந்து எழாதவர் அந்த வீட்டில் யாருமில்லை. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வந்து ஓரமாக உட்கார்ந்தாள். எதிரே மாமியார் பெரிய துண்டு ஒன்றில் முகம் புதைத்து ஆறாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தேற்ற வந்தவர்களை அண்ட விடாமல் கையாலேயே தள்ளி நிறுத்தினாள்.

"பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்," என்று முணுமுணுத்தாள் பக்கத்து வீட்டு அம்மா. "மருமகளைப் பாரேன், கண்ணுல ஈரமே இல்ல."

காதில் விழுந்தது. மருமகள் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றினாள். ம்ஹூம். ஆழமாக முகர்ந்து பார்த்தாள். மழை பெய்த தோட்டம் மாதிரி இதமாக மணந்ததே தவிர, கண் கலங்கவில்லை. பச்சைப் பிள்ளைக்குக்கூட உறைக்காத சாது அது.

மாமியாரின் மூக்கு சட்டென்று விடைத்தது. துண்டை விலக்கி, அந்தக் கைக்குட்டையையே உற்றுப் பார்த்தாள்.

"இங்க வா."

இத்தனை பேர் நடுவில் மானம் கப்பலேறப்போகிறது என்று பயந்தபடியே மருமகள் கிட்டே போய் மண்டியிட்டாள்.

மாமியார் அவளை இழுத்து இறுகக் கட்டிக்கொண்டாள். இருவர் முகத்தையும் சேர்த்துத் துண்டால் மூடிக் காதோடு கிசுகிசுத்தாள்.

"தாளெல்லாம் கண்ணைக் கரிக்காதும்மா. இதுக்குள்ள பெரிய வெங்காயம் இருக்கு, நல்லா மோந்துக்கோ."