முந்நூற்றுப் பதினெட்டாம் எண்

மலேசியாவில் எங்கள் வம்சத்தின் முதல் மனுஷிக்குக் கப்பல் பதிவேட்டில் பெயர் இல்லை. 318 என்ற எண் மட்டும்தான். தோட்டத்தில் காலைப் பெரட்டில், வேலையாட்களை வரிசையில் நிறுத்தி ஆள் கணக்கெடுக்கும்போது, அந்த எண்ணைக் கூப்பிட்டால் அவள் கை தூக்க வேண்டும்.

அவள் வழிவந்த நூற்று நாற்பது பேரின் மரபணுவைச் சேர்த்து ஓர் ஆய்வுக்கூடம் அவள் குரலை உருவாக்கியது. அந்தக் குரல் என்ன பேச வேண்டும் என்று எங்களை எழுதித் தரச் சொன்னார்கள்.

தங்கை தேவகிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாம எழுதிக் கொடுத்தா அது அவங்க பேச்சாண்ணே? நம்ம பேரையெல்லாம் கொடுங்க. கூப்பிடட்டும்."

வம்சத்தார் எல்லோரும் கூடிய ஈப்போ மண்டபத்தில் அந்தக் குரல் ஒவ்வொரு பெயராக அழைத்தது. எங்கள் எல்லோருக்கும் உள்ள அதே கரகரப்பு. பெயர் வந்தவர்கள் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

"குணசீலன்."

அறுபத்தெட்டு வயதில், கையைத் தூக்கியபடி எழுந்து நின்றேன்.

"இருக்கேன், ஆத்தா."