சினை நண்டும் மூன்று படகுகளும்

வயிற்றடியில் மஞ்சள் சினையைச் சுமந்துகொண்டு போன நண்டு ஒன்று, காலையில் ஒரு வலையில் சிக்கியது.

"விட்டுவிடேன் வலையே, வயிறு நிறையப் பிள்ளைகள்" என்று கெஞ்சியது.

"எனக்குப் பிடிக்கத்தான் தெரியும். விடுவதெல்லாம் அந்தக் கையைக் கேள்" என்றது வலை.

படகுக்காரர் சந்தியாகு நண்டைப் புரட்டிப் பார்த்தார். சினை தெரிந்தது. "போ தாயி" என்று கடலில் விட்டார். நல்ல மனுசன் என்று நினைத்தபடி நீந்திய நண்டு, அரை மணி நேரத்தில் அடுத்த படகின் வலையில் மாட்டியது.

அந்தப் படகுக்காரர் சவரிமுத்து சரியான சிடுமூஞ்சி. பயத்தில் நண்டு அவர் விரலைக் கவ்விவிட்டது. "சனியனே!" என்று கத்தினார். இனி குழம்புதான் என்று நண்டு கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது. அவரோ புரட்டிப் பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே கடலில் எறிந்தார்.

படகோரம் தொங்கிய வலையிடம் நண்டு கேட்டது: "இவருமா நல்லவர்?"

"இவரா? கூடப்பிறந்த சந்தியாகுவோடு பேசியே பத்து வருசம் ஆகிறது. ஆனால் மீனவர் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில், சினை நண்டை விட்டுவிடலாம் என்று எல்லாரும் கை தூக்கியபோது இவரும் தூக்கினார்."

நண்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மத்தியானம் மூன்றாவது வலையில் மாட்டியது. யார் படகு என்றுகூட அது பார்க்கவில்லை. கை நெருங்குவதற்குள் தானே மல்லாந்து படுத்துக்கொண்டது.

"சீக்கிரம் பாருங்கய்யா, எனக்கு வேலை கிடக்கிறது."