கணக்கு சரியா இருந்தா

அக்கா, போனை வச்சிடாத. அம்மா இன்னைக்கு எங்க ஸ்கூல்லதான் தீ விபத்துப் பயிற்சி நடத்தினாங்க. அலாரம் அடிச்சப்போ நான் மூணாவது மாடி பாத்ரூம்ல இருந்தேன். கதவு திறக்கவே இல்ல. ஜன்னல்ல எட்டிப் பார்த்தா, மைதானத்துல அம்மா தலை எண்ணிட்டிருந்தாங்க. எங்க கிளாஸ் வரிசையில கடைசியா நானே நின்னுட்டிருந்தேன்.

"அடியே ஆமை, இன்னைக்காவது நேரத்துக்கு இறங்கி வந்தியே!"ன்னு அம்மா மைக்லயே கிண்டல் பண்ணாங்க. அவ என்னை மாதிரியே நாக்கைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

நான் தொண்டை கிழியக் கத்தினேன். அம்மாவுக்குக் கேக்கல, "நாப்பத்திரண்டு, கணக்கு சரி"ன்னு எழுதிட்டாங்க. கணக்கு சரியா இருந்தா யாரும் திரும்ப உள்ள போகக்கூடாதுன்னு அம்மாதானே எல்லாருக்கும் சொல்லித் தர்றாங்க.

இப்ப ராத்திரி மணி பதினொன்னு. கதவு இப்பதான் திறந்துச்சு, ஸ்கூல் ஆபீஸ் போன்ல இருந்துதான் பேசுறேன். வீட்டுக்கும் போன் பண்ணிட்டேன். "விளையாடாதம்மா, என் பொண்ணு என் பக்கத்துலதான் தூங்குறா"ன்னு அம்மா வச்சுட்டாங்க. அவ முழிச்சுடக் கூடாதுன்னு ரொம்ப மெதுவாப் பேசினாங்க.