எட்டு மணி நேரம் தாங்கும்

பெரியவர்கள் போடும் டயப்பரை யார் தலையிலாவது கட்டிவிட, மூன்று மாதமாக ஜெயகிருஷ்ணன் கோவில்பட்டித் தெருவெல்லாம் நாயாய் அலைகிறான். தலை நரைத்தவர்கள்கூட அந்தப் பெட்டியைக் கண்டால், பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்கினார்கள். இன்றைக்கும் விற்காவிட்டால் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மருந்துக்கடை வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினான். "எட்டு மணி நேரத்துக்குக் கவலையில்ல! எந்திரிக்கவே வேண்டாம்!"

"தம்பி, பொம்பளையாளுக வார இடம். அங்கன தள்ளிப் போய்க் கத்துங்க," என்று விரட்டினார் கடைக்கார நாசர்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிய பெரியவர் கேட்டார்: "நெசமாவே எட்டு மணி நேரம் தாங்குமா?"

"சத்தியமாத் தாங்கும், அண்ணாச்சி! வீட்டுல யாருக்கு? அப்பாவுக்கா?"

"யாருக்கா இருந்தா என்ன? இருக்கிற பெட்டி அம்புட்டையும் ஏத்தும்."

அவனும் அதற்குமேல் கேட்கவில்லை. குலசாமியே காரில் வந்ததாக நினைத்து, கண்ணீரோடு ஏற்றிவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் மல்லிகைப்பூ வாங்கிவைத்துக் காத்திருந்தான். புதியம்புத்தூர்த் தையல் கம்பெனி வேனில் வந்திறங்கிய மனைவி தீபலட்சுமி, பூவைத் திரும்பியும் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு டயப்பரை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"நாங்க எந்திரிச்சுப் போனா தையல் நிக்குதாம். நாளையிலருந்து கக்கூஸைப் பூட்டிருவாவளாம். ஆளுக்கு ஒண்ணு கொடுத்திருக்காவ."

அவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்; நேற்று காரில் ஏற்றிவிட்ட அதே சரக்கு.

"இதைத்தான நீங்க விக்குதீங்க? எங்கிட்டயாவது நெசத்தைச் சொல்லுங்க. எட்டு மணி நேரம் தாங்குமா?"